பனியன் போட்ட தோணி

திருப்பூருக்கும் தூத்துக்குடிக்கும் என்ன சம்பந்தம் என்று எங்க ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே வார்த்தையில் பதில் வரும்: ''கன்டெய்னர்!'' பனியன் பெட்டியில் ஏறும். 300 கிலோமீட்டருக்கு மேல் ரோட்டில் ஓடும். தூத்துக்குடியில் கப்பல் ஏறி, பெரும்பாலும் கொழும்பில் வேறு பெரிய கப்பலுக்கு மாறி, ஐரோப்பா போய்ச் சேரும். பி.காம். படித்த என்னைப் போன்றவர்களுக்குக் கடல் என்பது 'பில் ஆஃப் லேடிங்' என்ற ஒரு காகிதம். அதில் அலை அடிக்காது.

எக்ஸ்போர்ட் நண்பர் ஒருவருக்குத் துணையாக ஆடி மாதம் தூத்துக்குடி போயிருந்தேன். சரக்கு நகர இரண்டு நாளாகும் என்றார்கள். நண்பர் லாட்ஜில் உட்கார்ந்து போனில் கத்த ஆரம்பித்தார். நான் அரைக் கிலோ மக்ரூன் வாங்கித் தின்று தீர்த்துவிட்டு, கிளியரிங் ஏஜென்ட் புண்ணியத்தில் ஒரு பாஸ் வாங்கிக்கொண்டு பழைய துறைமுகத்துக்குள் நுழைந்தேன்.

1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்த ஊர் இது. புதுத் துறைமுகம் 1974-ல் பெரிய துறைமுக அந்தஸ்து வாங்கிவிட்டது. பழசில் இன்னமும் தோணிகள்தான் ராஜா. தோணி என்றதும் பரிசல் மாதிரி ஏதோ என்று நினைத்துவிடாதீர்கள். முழுக்க மரம். இருநூறு முந்நூறு டன் சரக்கை விழுங்கிவிட்டு, 'இன்னும் இருக்கா?' என்று நிற்கும். வெங்காயம், காய்கறி, செங்கல், ஜல்லி எல்லாம் இதில்தான் மாலத்தீவுக்குப் போகிறது. இப்போது என்ஜின் உண்டு. துணைக்குப் பாயும் உண்டு.

தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தோணிகளுக்கு லீவு. நம்ம ஊர் ஜவுளிக்கடைகளுக்கு ஆடி என்றால் தள்ளுபடி. தோணிகளுக்கு ஆடி என்றால் ஆஸ்பத்திரி. பழைய பலகையைப் பிடுங்குவதும், புதுசு ஏற்றுவதும், ஆணி அடிப்பதுமாகக் கரையெங்கும் ஒரே சத்தம். பேப்பரில் பிளான் எதுவும் கிடையாது. எல்லாம் மேஸ்திரியின் மனசுக்குள்.

ஒரு தோணியின் வயிற்றுக்குக் கீழே நாலு பேர் குந்தி உட்கார்ந்து, பலகைக்கும் பலகைக்கும் நடுவில் உள்ள இடுக்கில் பஞ்சுத் திரியை வைத்து, உளியும் கொட்டாப்புளியுமாக இறுக்கிக்கொண்டிருந்தார்கள். அதன் மேல் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூச்சு. இதற்குப் பேர் கலப்பத்து. பக்கத்தில் அறுபது வயசுக்காரர் ஒருவர், தண்டல் (தோணிக்குக் கேப்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள்), மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

''அண்ணாச்சி, இந்த மரத்தை நம்பி எவ்வளவு தூரம் போகலாம்?''

''அமெரிக்கா வரைக்கும் போயிருக்கு தம்பி!''

அளக்கிறார் என்று நினைத்தேன். பிறகு விசாரித்தால் நிஜம். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் நம்ம தமிழ் ஓடாவிகள் கட்டிய அன்னபூரணி என்ற பாய்மரக் கப்பலை, ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். தன் மனைவி பெயரை அதற்குச் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே ஓட்டிப் போய், 1938-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்து குளோஸ்டர் துறைமுகத்தில் நிறுத்தினார்கள்.

''எந்த ஊரு தம்பி?''

''திருப்பூர்ங்க.''

தண்டல் என்னை மேலும் கீழும் பார்த்தார். ''உங்க ஊரு பனியனாலதான் நாங்க ஏழு பேரு கரை சேர்ந்தோம். தெரியுமா?''

மாலே, இங்கிருந்து சுமார் 400 கடல் மைல். இருபது வருஷம் முன்பு, சீசன் முடிகிற நேரம். சரக்கோடு போன தோணியின் அடிப்பக்கத்தைப் பவளப் பாறை உரசிவிட்டது. தண்ணீர் உள்ளே வர, அவசரமாகச் சரக்கை இறக்கி, திலாஃபுஷி தீவில் ஒரு படகுப் பட்டறை ஓரமாகக் கொண்டுபோய்ச் சாய்த்திருக்கிறார்கள். மாலேயின் குப்பையை 1992-லிருந்து கொட்டிக் கொட்டி உருவான தீவு அது. ஒரு பக்கம் குப்பை எரியும் புகை, ஒரு பக்கம் பட்டறைத் தூசு.

''சாஞ்ச தோணியில குடித்தனம் பண்ணியிருக்கியளா தம்பி? ராத்திரி அணியத்துல படுத்தா காலையில இன்னொருத்தன் மேல கெடப்போம். சோத்துப் பானையும் சாஞ்சுதான் கொதிக்கும். ஒரு பக்கம் குழைவு, மறுபக்கம் அரிசி. இருபத்தாறு நாள்!''

பட்டறைக்கு வாடகை டாலரில் ஓடுகிறது. இவர்களுக்கோ நடைக்குத்தான் கூலி. நடை இல்லையென்றால் ஊரில் அடுப்பு இல்லை. அதைவிடப் பெரிய பயம் காற்று. அது திரும்பிவிட்டால் மூன்று மாசம் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். பலகை எப்படியோ கிடைத்துவிட்டது. கலப்பத்துக்குப் பஞ்சு இல்லை! அங்கே பட்டறைகள் ஃபைபருக்கு மாறி ரொம்ப நாளாகிவிட்டது. பிசின் டப்பா டப்பாவாக இருக்கிறது. பஞ்சு என்றால், 'காதுக்கா?' என்று கேட்கிறார்கள்.

''அப்புறம்?''

''கழட்டுங்கலே பனியனன்னேன்!''

ஏழு பேர். போட்டிருந்தது, கொடியில் கிடந்தது, புதுசாகப் பெட்டியில் வைத்திருந்தது என்று எல்லாப் பனியனும் வந்தது. ஒருவன் மட்டும் கல்யாணத்துக்கு எடுத்தது என்று அழுதானாம். இங்கேதான் திருப்பூர்க்காரனாக நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நெய்த துணியைப் பிரித்தால் துண்டு துண்டாகத்தான் இழை வரும். பனியன் பின்னல் துணி. சரியான முனையைப் பிடித்து இழுத்தால் நூல் விடாமல் வந்துகொண்டே இருக்கும். அதைத்தான் உட்கார்ந்து பிரித்து, திரியாக முறுக்கி, கைவசமிருந்த குங்கிலியத்தில் தோய்த்து அடித்திருக்கிறார்கள்.

''பாலியெஸ்டர் கலந்தத மட்டும் ஒதுக்கிட்டேன். அது நனையும், உப்பாது. சுத்தப் பருத்தி தண்ணி குடிச்சா பருக்கும். பலகையும் பருக்கும். ரெண்டும் ஒன்னையொன்னு நெருக்கி வழிய அடச்சிரும்.''

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நூல் தண்ணீரில் பருப்பதால்தான் பனியன் சுருங்குகிறது. அந்தச் சுருக்கத்துக்காக எத்தனை பையர்கள் எங்க ஊர்க்காரர்களுக்கு டெபிட் நோட் அனுப்பி வயிற்றில் அடித்திருக்கிறார்கள்!

தோணியைத் தண்ணீரில் இறக்கி ஒரு நாள் பார்த்தார்கள். கசிவு குறைந்தது; நிற்கவில்லை. அதற்கு மேல் காத்திருக்க நாள் இல்லை. கிளம்பிவிட்டார்கள். நாலு நாள், முறை வைத்து இரவும் பகலும் தண்ணீரை இறைத்துக்கொண்டே. தூத்துக்குடி வந்து கட்டிய அந்த வாரமே காற்று திரும்பிவிட்டதாம்.

''பயமா இல்லையா அண்ணாச்சி?''

''இறைக்கிறவனுக்குப் பயப்பட நேரம் ஏது? தூங்கப் போறவனுக்குத்தான் பயம். ரெண்டாம் நாள் ராத்திரி எவனும் தூங்கல.''

அதற்கு மேல் அவர் பேசவில்லை. உளிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. தண்டலின் மகன் தோணிக்கு வரவில்லை. கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறான். மாசம் பிறந்தால் சம்பளம், பி.எஃப். பிடித்தம் எல்லாம் உண்டு. தோணிகளின் எண்ணிக்கையும் குறைந்துகொண்டுதான் வருகிறது.

கிளம்பும்போது ஒன்று கேட்டார். ''உங்க ஊருல கழிவு நூல் கெடைக்குமில்லா? ஒரு மூட்டை அனுப்புங்க. காசு தாரேன். கலப்படம் இருந்தா திருப்பி அனுப்பிருவேன்.''

ஜெர்மனிக்காரன்கூட இவ்வளவு கறாராகப் பேசமாட்டான். ஊருக்கு வந்ததும் தெரிந்த கம்பெனி ஒன்றில் சொல்லி, ஒவ்வொரு நூலாகக் கொளுத்திப் பார்த்து (பருத்தி சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி உருண்டையாகும்) ஒரு மூட்டை சேர்த்தேன். பார்சல் ஆபீஸ் பையன் பேனாவைத் தூக்கினான்.

''பொருள் என்னங்ண்ணா?''

''பனியன் நூல்.''

''எதுக்குங்க?''

''கப்பல் ஓட்டைக்கு.''

'வேஸ்ட்' என்று எழுதிக்கொண்டு, அறுபது ரூபாய் அதிகம் வாங்கிவிட்டான்.