போர்காட்: எஞ்சின்களின் பரிசோதனைச் சாலை

சமவெளியில் மறைந்திருக்கும் கோளாறு மலையில் அம்பலமாகிவிடுகிறது. மும்பை-புனே பழைய சாலையில் எஞ்சின் கொதித்து நிற்பவர்களுக்கு முதல் தேவை தண்ணீர் அல்ல, பொறுமை.

மே மாத சனிக்கிழமை, பகல் 11 மணி. கோபோலி ஊரைத் தாண்டி மலை ஏறத் தொடங்கும் சாலையில் வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. ஒரு வெள்ளை டாக்ஸி திணறி ஓரங்கட்டுகிறது. பானெட்டைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடிக்கிறது. 26 வயது ஓட்டுநர் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போகிறார்.

"தொடாதே, பாளா!" என்று ஒரு குரல். எதிரே தகரக் கொட்டகையிலிருந்து ஒரு முதியவர் வேகமாக வருகிறார். சட்டைக் கையை மடித்து முன்கையைக் காட்டுகிறார். முழங்கைவரை பழைய தீத்தழும்பு. "இதுவும் ஒரு மூடி கொடுத்ததுதான்" என்கிறார்.

'பாளா' என்றால் மராத்தியில் குழந்தாய். ஓட்டுநர்களுக்கு அவர் 'காகா', அதாவது சித்தப்பா. 35 ஆண்டுகளாக இந்த ஏற்றத்தின் அடிவாரத்தில் மெக்கானிக்.

டாக்ஸிக்குள் ஒரு குடும்பம். மாலை 4 மணிக்குப் புனேயில் கல்யாணம். பின்சீட்டில் பட்டுப்புடவையில் ஒரு பாட்டி விசிறிக்கொண்டிருக்கிறார். குடும்பத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். "கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கிளம்பலாமே?" ஓட்டுநருக்கும் அதே அவசரம். வண்டி கடனில் வாங்கியது. அடுத்த தவணைக்கு இன்னும் 10 நாள்தான்.

"அரை மணி நேரம்" என்கிறார் காகா. "அதுவரை யாரும் எதையும் திறக்கக்கூடாது."

காரணம் இருக்கிறது. ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அல்ல. உள்ளே அழுத்தத்தை உயர்த்தி, 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய நீரை 120 டிகிரி வரை கொதிக்கவிடாமல் வைத்திருக்கிறது. சூடாக இருக்கும்போது திறந்தால் அழுத்தம் சட்டென்று விலகும். மொத்த நீரும் அந்தக் கணமே கொதித்துப் பீறிடும். பிரஷர் குக்கரை அடுப்பில் வைத்தே திறப்பது போலத்தான். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் இன்னொரு ஆபத்து: உலோகத்தில் விரிசல் விழலாம்.

இந்த மலைக்கு வயதும் வரலாறும் அதிகம். கொங்கண் சமவெளியிலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்திலுள்ள லோனாவாலாவுக்கு ஏறும் இந்தக் கணவாயில் வண்டிகள் செல்லத்தக்க சாலை 1830-ல் திறக்கப்பட்டது. அப்போது ஜான் மால்கம் பம்பாய் கவர்னர். ரயில் பாதை 1863-ல் வந்தது. 37 அடி தூரத்துக்கு ஒரு அடி உயரும் அந்த ஏற்றத்தை ரயில்களாலும் தனியாகச் சமாளிக்க முடியாது. கர்ஜத் நிலையத்தில் பின்னாலிருந்து தள்ளக் கூடுதல் எஞ்சின்களைப் பூட்டுவது நெடுங்கால வழக்கம். பயணிகள் வடாபாவ் வாங்கிக்கொள்வதும் அந்த இடைவேளையில்தான்.

கார்களுக்குத் தள்ளிவிட யாருமில்லை. பெட்ரோல் எரிந்து கிடைக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. இன்னொரு பங்கு சைலன்ஸர் வழியே புகையோடு வெளியேறுகிறது. மீதியை நீரும் ரேடியேட்டரும் சேர்ந்து காற்றில் கரைக்க வேண்டும். ஏற்றத்தில் எஞ்சின் அதிகம் உழைக்கிறது. வேகம் குறைவதால் முன்பக்கம் மோதும் காற்றும் குறைகிறது. வெப்பம் கூடி, குளிர்ச்சி குறையும் இந்த இடத்தில்தான் சமவெளியில் ஒளிந்திருந்த கோளாறு வெளியே வருகிறது.

குர்லாவில் தயாரான பிரீமியர் பத்மினிகள் மும்பை டாக்ஸிகளாக ஓடிய காலத்தில் டிக்கியில் தண்ணீர் டின் இல்லாமல் யாரும் இந்தப் பக்கம் வரமாட்டார்கள் என்று நினைவுகூர்கிறார் காகா. 1,089 சிசி எஞ்சின், அதனோடு பெல்ட்டில் சுற்றும் விசிறி. எஞ்சின் மெதுவாக ஓடினால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். கடைசி பத்மினி டாக்ஸிகள் 2023 அக்டோபரில் விடைபெற்றன. இன்றைய கார்களில் விசிறி மின்சாரத்தில் சுழல்கிறது. கூலன்ட் சுலபத்தில் கொதிப்பதில்லை. ஆனாலும் காகாவின் கொட்டகை காலியாக இல்லை.

ஆவி அடங்கும்வரை அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. கேள்விகள் மட்டும் கேட்கிறார். டாக்டர் நாடி பிடிப்பது போல அதற்கு ஒரு வரிசை உண்டு.

"முள் எப்போது ஏறுகிறது? ஓடும்போதா, நிற்கும்போதா?"

"நிற்கும்போது, காகா. ஓடினால் இறங்கிவிடுகிறது."

பாதி விடை இதிலேயே கிடைத்துவிடுகிறது. வேகமாக ஓடும்போது சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். நிற்கும்போது மட்டும் ஏறினால் முதல் சந்தேகம் விசிறிமீது. ஓடும் வண்டிக்கு எதிர்காற்று போதும். நிற்கும் வண்டிக்கு விசிறியை விட்டால் கதியில்லை.

"அடிக்கடி தண்ணீர் குறைகிறதா?" இல்லை. குறைந்தால் எங்கோ கசிவு. "காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை நெடுநேரம் வருகிறதா?" இல்லை. ஆயில் குச்சியை உருவித் துணியில் துடைத்துப் பார்க்கிறார். சுத்தமாக இருக்கிறது. பால் கலந்த டீ நிறம் தெரிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்போதுதான் ஓட்டுநர் தயங்கித் தயங்கிச் சொல்கிறார். நவி மும்பையில் ஒரு பட்டறையில் ரேடியேட்டர், வாட்டர் பம்ப் இரண்டையும் மாற்றச் சொன்னார்களாம். பணம் இல்லாததால் தள்ளிப்போட்டிருக்கிறார்.

"எப்போது சூடாகிறது என்று அவர்கள் கேட்டார்களா?"

"இல்லை, காகா."

அரை மணி கடந்து, மூடியைத் துணியால் பிடித்து மெல்லத் திறக்கிறார். குறைந்திருந்த நீரை நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டு ஏசி-யைப் போடச் சொல்கிறார். ஏசி போட்டால் விசிறி சுழல வேண்டும். சுழலவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு, பேட்டரியிலிருந்து ஒரு வயரை நேரடியாக விசிறி மோட்டாருக்குக் கொடுக்கிறார். விசிறி சீறிக்கொண்டு சுற்றுகிறது. மோட்டார் நன்றாக இருக்கிறது. மின்சாரம்தான் வந்து சேரவில்லை. ஃபியூஸ் எரியவில்லை. மிச்சமிருப்பது ரிலே, தீப்பெட்டியை விடச் சிறிய ஒரு பிளாஸ்டிக் கட்டை. அதைப் பிடுங்கிவிட்டு, பக்கத்தில் அதே மாதிரி இருந்த ஹாரன் ரிலேயை அங்கே செருகுகிறார். மறுபடி எஞ்சின், மறுபடி ஏசி. விசிறி சுழல்கிறது.

"ஹாரன் இல்லாமல் மலை ஏறுவதா?" என்கிறார் குடும்பத் தலைவர். காகா சிரித்தபடி தகர டப்பாவைக் கிளறி வேறொரு ரிலேயை எடுத்துப் பொருத்துகிறார். பல ஆயிரம் ரூபாய்ச் செலவு என்று ஓட்டுநர் பயந்திருந்த வேலை சில நூறு ரூபாயில் முடிகிறது.

எல்லோருக்கும் இப்படி வாய்ப்பதில்லை. பிற்பகலில் ஒரு பெரிய கார் கயிறு கட்டி இழுத்து வரப்படுகிறது. பாதி ஏற்றத்தில் முள் சிவப்பைத் தொட்டிருக்கிறது. "லோனாவாலா போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டியிருக்கிறார் அதன் சொந்தக்காரர். பிறகு முள் தானாகவே கீழே இறங்கியதாம். சரியாகிவிட்டது என்று நினைத்தாராம். சரியாகவில்லை. நீர் முழுவதும் வெளியேறி, வெப்பத்தை அளக்கும் சென்சாரைத் தொட நீரே இல்லாமல் போயிருக்கிறது. ஆயில் குச்சியில் டீ நிறம். ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்திருந்தால் செலவு லட்சத்தை நெருங்கலாம். காகா அதில் கை வைக்கவில்லை. "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், சாஹேப்" என்று இழுவை வண்டியை வரவழைக்கிறார்.

முள் ஏறும்போதே ஏசி-யை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்திருந்தால் எஞ்சினின் சூட்டில் ஒரு பகுதி காருக்குள் வந்திருக்கும். உட்கார்ந்திருப்பவர்களுக்கு வேர்க்கும், எஞ்சினுக்கு மூச்சு கிடைக்கும். சிவப்பைத் தொட்டுவிட்டால் எஞ்சினை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. இன்னொரு கைவைத்தியத்தைப் பற்றிக் கேட்டாலே காகாவுக்குக் கோபம் வருகிறது. சூடு குறையட்டும் என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. அது எஞ்சினைச் சரியான வெப்பத்தில் வைத்திருக்கும் வால்வு. "பழுதானால் மாற்ற வேண்டும். கதவு இறுகினால் கதவில்லாத வீட்டிலா குடியிருப்பாய்?"

2002-ல் எக்ஸ்பிரஸ்வே முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு பெரும்பாலான கார்கள் அந்தப் பக்கம் போய்விட்டன. மலையில் சென்னைக் கம்பெனியின் தைல விளம்பரத்தால் பெயர் பெற்ற அமிர்தாஞ்சன் பாலமும் 2020 ஏப்ரலில் ஊரடங்கின்போது தகர்க்கப்பட்டது. தலைவலி மட்டும் இடத்தை விட்டுப் போகவில்லை. நீண்ட விடுமுறை நாட்களில் புதிய சாலையின் மலைப்பகுதியிலும் வண்டிகள் பானெட்டைத் திறந்து நின்றிருக்கின்றன.

டாக்ஸி புறப்படுகிறது. பழைய சாலையின் ஏற்றத்தில் சிங்ரோபா கோயில். கணவாயில் வழி தெரியாமல் திகைத்த வெள்ளைக்கார எஞ்சினியர்களுக்குத் தன் ஆடுகள் நடந்த தடத்தைக் காட்டிய இடையன் அவன். என்ன பரிசு வேண்டும் என்றதற்கு நாட்டின் விடுதலையைக் கேட்டதால் சுட்டுக் கொல்லப்பட்டான் என்பது இங்கே வழங்கும் கதை. கோயிலைக் கடக்கும் ஓட்டுநர்கள் காசு போடுவது வழக்கம்.

அங்கே மறுபடியும் நெரிசல், வண்டி நிற்கிறது. இளைஞர் கண்ணாடியை இறக்கி ஒரு நாணயத்தை வீசிவிட்டு, முள்ளைப் பார்க்கிறார். அது நடுவில் அசையாமல் இருக்கிறது. முன்னால் விசிறி சுழலும் சத்தம் கேட்கிறது. மணி பன்னிரண்டரை. கல்யாணத்துக்கு இன்னும் நேரமிருக்கிறது.