கானக்கோழியின் கண்

அரைப் பரீட்சை லீவு விட்டதும் என்னை நீலகிரி மலையிலுள்ள அவலாஞ்சிக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே ட்ரவுட் மீன் பண்ணையில் என் அம்மாவின் அப்பா, அப்புச்சிக்கு வேலை. பனிக்காலம்தான் சினைமீனுக்குப் பருவம். தாய்மீனின் வயிற்றைக் கட்டைவிரலால் மெல்ல நீவி முட்டையைக் கிண்ணத்தில் இறக்குவார். ஆண்மீனின் பாலை அதன்மேல் பீய்ச்சி, ஒரு கோழியிறகால் கலக்கிவிடுவார். ஓடுகிற தண்ணீரில் தட்டுத் தட்டாக முட்டைகள் கிடக்கும். செத்தது வெளுத்துவிடும். அதை உடனே பொறுக்காவிட்டால் பூஞ்சை பிடித்துப் பக்கத்து முட்டையையும் கெடுக்கும். பொறுக்குவதற்கு என் சின்ன விரல்கள் தோதாக இருந்தன.

இந்த மீன் எங்கள் மலையில் பிறந்ததல்ல. 1860களில் ஃபிரான்சிஸ் டே நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார், பலிக்கவில்லை. 1907இல் எச். சி. வில்சன் அவலாஞ்சியில் பண்ணை அமைத்த பிறகுதான் ரெயின்போ ட்ரவுட் இங்கே காலூன்றியது. எல்லாம் துரைமார் தூண்டில் போட்டுப் பொழுது போக்குவதற்காக. துரைமார் போனபின் எஸ்டேட் மேனேஜர்கள் வந்தார்கள். அவர்களுக்காக ராத்திரிகளில் அப்புச்சி ஃபிளை கட்டினார்; தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றிச் செய்யும் போலி இரை.

ஓடைகளில் இருக்கும் சிறுமீனுக்குப் பூச்சி வடிவத்தில் கட்டினால் போதும். குந்தா மின்திட்ட அணைகள் வந்து எமரால்டிலும் அவலாஞ்சியிலும் நீர் தேங்கியபின், அதில் பெருத்த மீனுக்குப் பூச்சி போதவில்லை. அதற்குத்தான் ஸ்ட்ரீமர். பூச்சியல்ல, குட்டிமீன் வேஷம்.

தணல் சட்டிக்கும் அரிக்கேன் விளக்குக்கும் நடுவில் சம்மணமிட்டு உட்காருவார். நீளத் தண்டுள்ள முள்ளை இடதுகை விரல்களில் இடுக்கிக்கொண்டு கறுப்புப் பட்டுநூலைச் சுற்ற ஆரம்பிப்பார். "காதுக்குப் பின்னால எடம் உடோணும் கண்ணு. அவசரத்துல எல்லாரும் அங்கதான் அடைச்சுப்போடுவாங்க" என்பார். இடம் விடாவிட்டால் கடைசியில் தலை கட்ட நூலுக்கு வழியிருக்காது; முள்ளின் காதான வளையத்தில் தூண்டில் நரம்பு கோக்கவும் முடியாது. ஆரஞ்சுப் பட்டுநூல் மேடுபள்ளமில்லாமல் தண்டு முழுக்க ஏறும். அதன்மேல் அம்மிச்சியின் பழைய கூறைப்புடவையில் உருவிய வெள்ளி ஜரிகை, இடைவெளி பிசகாமல் சுற்றிச் சுற்றி வரும். அடிவயிற்றுக்கு வெள்ளாட்டு வால்முடியும் மயில்தோகை இழைகள் நாலைந்தும். முதுகுக்குச் சாம்பல்நிறச் சேவலின் கழுத்து இறகுகள், பக்கத்துக்கு இரண்டாக, பளபளக்கும் புறம் வெளியே பார்க்க. அந்த நேரத்தில் நூலின் நுனியை இழுத்துப் பிடிப்பது என் வேலை. "உட்ராத... உட்ராத..." என்று மூச்சடக்கிச் சொல்வார். விரல் நுனி மரத்துப்போகும்.

கடைசியில்தான் பிஸ்கட் டப்பா திறக்கும். உள்ளே கானக்கோழிச் சேவலின் கழுத்துத் தோல், பாச்சை உருண்டை வாசனையோடு. அந்த இறகின் நுனியில் மெழுகு சொட்டி உறைந்த மாதிரி வெளிர்மஞ்சளாய் ஒரு பொட்டு இருக்கும். தலைக்கு இருபுறமும் ஒவ்வொன்று வைத்துக் கட்டியதும் ஸ்ட்ரீமருக்குக் கண் வந்துவிடும். தலைக்கு முடிச்சுப் போட்டு, வார்னிஷ் தொட்டு, விட்டத்தில் தொங்கவிடுவார்.

காய்ந்தது வெறும் இறகுக் கற்றைதான். மறுநாள் தொட்டித் தண்ணீரில் விட்டு வெட்டி வெட்டி இழுத்துக் காட்டுவார். முடியெல்லாம் உடம்போடு ஒட்டி, வால் நெளிந்து, கண் முழித்து அது நீந்தும். நான் கை தட்டுவேன்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் தொப்பி தைத்துக்கொண்டிருந்த கேரி ஸ்டீவன்ஸைப் பற்றி வெகுகாலம் கழித்துப் படித்தேன். 1924 ஜூலை 1 அன்று தானே கட்டிய ஃபிளையால் 6 பவுண்டு 13 அவுன்ஸ் ட்ரவுட்டைப் பிடித்துப் பேர் வாங்கியவர். அவரும் முள்ளை வைஸ் என்னும் பிடிகருவியில் மாட்டாமல் கையில் பிடித்தே கட்டியவராம். அவருடைய புகழ்பெற்ற 'கிரே கோஸ்ட்' ஸ்ட்ரீமரில் ஆரஞ்சு உடம்பு, வெள்ளி ஜரிகை, மயில் இழை, சாம்பல் இறகு, கன்னத்தில் எங்கள் மலைக் கானக்கோழியின் அதே பொட்டு. அப்புச்சிக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது. ஏதோ ஒரு துரையின் பெட்டியில் கிடந்ததைப் பார்த்து, கையிலிருந்ததை வைத்துக் கட்டியிருக்கிறார். மீன் கப்பலில் வந்தது. இறகு கப்பலில் போய், கண்ணாக மாறித் திரும்பியிருக்கிறது.

1972இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. டப்பா காலியானபின் அவர் புதுத்தோல் தேடவில்லை. சித்தியின் நகப்பாலிஷை எடுத்து, கறுப்புத் தலைமேல் வெள்ளைப் புள்ளி வைத்தார். மீன் அதையும் கடித்தது.

நீந்தத் தெரிந்த குஞ்சுகளைப் பண்ணையில் அடிக்கடி அளவுவாரியாகப் பிரித்துத் தொட்டி மாற்றுவார்கள். ஏனென்று ஒருநாள் கேட்டேன். "பெருசு சின்னதத் தின்னுபோடும் சாமி" என்றார். அவர் ராத்திரியில் கட்டியது எந்த மீனின் வேஷம் என்று அப்போதுதான் புரிந்தது. பகலெல்லாம் எதைத் தின்னவிடாமல் காப்பாற்றினாரோ, அதைத்தான்.