எலியும் கெண்டையும்

தசையை ஆங்கிலத்தில் மசில் என்கிறார்கள். லத்தீனில் 'குட்டி எலி' என்று பொருள் தரும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. கையை மடக்கி நீட்டினால் தோலுக்கடியில் எலி ஓடுவது போல யாருக்கோ தோன்றியிருக்கிறது! நம்மவர்களோ முழங்காலுக்குப் பின்னால் கீழே திரண்டிருக்கும் சதையைக் கெண்டைக்கால் என்றார்கள். எலியா மீனா என்றால் மீனே அழகு.

நர்சிங், பிசியோதெரபி, மருத்துவம் என்று எதில் சேர்ந்தாலும் முதலாண்டில் தசைகளின் பெயர்களை உருப்போட வேண்டும். உடம்பில் 600க்கும் மேல் எலும்புத்தசைகள் உண்டு. காஸ்ட்ரோநீமியஸ், லாட்டிசிமஸ் டார்சி, சார்டோரியஸ்... கேட்டால் ஏதோ மந்திரம் போலிருக்கும். பரீட்சை முடிந்த மறுநாளே பாதி மறந்தும் போகும்.

ஆனால் இந்தப் பெயர்களில் பல, உருவத்தையோ விலாசத்தையோ சொல்பவைதான். லாட்டிசிமஸ் டார்சி என்றால் முதுகின் மிக அகன்ற தசை. டெல்டாய்டு, தோளில் கவிழ்ந்த முக்கோணம். காவிரி டெல்டாவுக்குப் பெயர் தந்த அதே கிரேக்க எழுத்து. காஸ்ட்ரோநீமியஸ் 'காலின் வயிறு', அதாவது நம்ம கெண்டை. சார்டோரியஸ் தையற்காரர் தசை. இடுப்பின் வெளிப்பக்கம் தொடங்கித் தொடையைக் குறுக்கே கடந்து முழங்காலின் உள்பக்கம் போய்ச் சேரும். உடம்பிலேயே நீளமானது இதுதான். அந்தக் காலத் தையற்காரர்கள் சப்பணமிட்டு உட்கார்ந்து தைத்தார்களே, அந்த உட்காருதலுக்கு உதவுவது.

விடுதி அறையில் பக்கத்துக் கட்டில்காரியின் கையைப் பிடித்து இழுத்துப் படிப்பவர்களுக்கு இது சீக்கிரம் வந்துவிடுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு தாடையில் விரல் வைத்துப் பாருங்கள், புடைப்பது மாசெட்டர். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை மடக்கினால் நடுவில் ஒரு கயிறு எழும்பும். பாமாரிஸ் லாங்கஸின் நாண் அது. சிலருக்கு எழும்பாது, அந்தத் தசையே அவர்களுக்குக் கிடையாது. பயப்பட வேண்டாம், அதனால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை.

நிற்க. மறந்தால் மார்க் மட்டும் போகிற விஷயமில்லை இது. பின்புறத்தில் ஊசி போடும்போது ஒரு பக்கத்தை மனதுக்குள் நாலு கட்டமாகப் பிரித்து, மேலே வெளிப்பக்கக் கட்டத்தில்தான் குத்த வேண்டும் என்று சொல்லித்தருவார்கள். கீழே உள்பக்கமாக இறங்கினால் உடம்பிலேயே தடிமனான நரம்பு இருக்கிறது. இடுப்பு வலிக்காரர்கள் சயாட்டிகா என்பார்களே, அந்த நரம்பு. ஊசி அதில் பட்டால் பாதத்தை மேலே தூக்க முடியாமல் போகலாம். நடக்கும்போது செருப்பு காலில் நிற்காது. சிலருக்கு ஆயுசுக்கும் அப்படியே.

ஒன்றரை மாதக் குழந்தைக்குத் தொடையில் தடுப்பூசி போடும்போது "அங்க ஏன் குத்துறீங்க?" என்று பாட்டிமார் சண்டைக்கு வருவதுண்டு. அந்த வயதில் பின்புறத் தசை சரியாகத் திரண்டிருக்காது. தொடையின் முன்பக்கம், சற்று வெளிப்புறமாக இருக்கும் வாஸ்டஸ் லேட்டராலிஸ் அப்போதே போதுமான அளவு இருக்கும். பெரிய நரம்பு எதுவும் அந்த இடத்தில் குறுக்கே வராது.