இறங்கியாச்சு... இனி கடல்தான்!

மத்தியதரைக் கடல் தீவுக்குச் சுற்றுலா போகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. கடலோரக் குடைக்குக் கீழே படுத்து, அரை மணிக்கு ஒரு தரம் அப்பளம் மாதிரி திரும்பிப் படுப்பவர்கள் ஒரு ரகம். ஊர் பேர் தெரியாத மலையில் முட்டியைப் பெயர்த்துக் கொள்பவர்கள் இன்னொரு ரகம். அடியேன் முதல் ரகம். என் மனைவி எந்த ரகம் என்பது, முப்பத்தோரு வருட தாம்பத்தியத்துக்குப் பிறகு, சென்ற ஜூன் மாதம் கிரீட் தீவில்தான் தெரிந்தது.

கிரீட், கிரேக்க நாட்டின் மிகப் பெரிய தீவு. பொழுதுபோக்குக்குப் பஞ்சமே இல்லை. எலஃபோனிஸி கடற்கரையில் லேசான ரோஜா நிற மணல். முழங்கால் ஆழத் தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம். பாலோஸ் போனால் நீலத்தில் எத்தனை நீலம் உண்டென்று எண்ணலாம். தெம்பிருந்தால் 2,456 மீட்டர் உயர ஸிலோரிடிஸ் சிகரம். நான் பட்டியல் போட்டு, அதில் 'உட்காருவது' சம்பந்தப்பட்டதை எல்லாம் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன்.

"சமாரியா பள்ளத்தாக்குல நடக்கணும்" என்றாள் மனைவி.

"எவ்வளவு தூரம்?"

"பதினாறு கிலோமீட்டர்தான்."

அந்த 'தான்' என் வயிற்றில் புளியைக் கரைத்தது. காரணம், அவள் முட்டி. மூன்று வருஷத்துக்கு முன் டாக்டர் "தேய்மானம்" என்று சொன்னதிலிருந்து வீட்டில் யாரும் அவளை நிற்க விடுவதில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் முதல் நாற்காலி அவளுக்குத்தான்.

"முட்டியை நெனச்சுப் பார்த்தியா?"

"ஆறு மாசமா தினம் காலையில பார்க்குல எதுக்குச் சுத்தறேன்னு நெனச்சீங்க? டாக்டர்கிட்ட கேட்டாச்சு. மூணு வருஷமா எல்லாரும் என்னை உட்கார வெச்சே பார்க்கறீங்க. இந்த ஒரு நாள் நடக்க விடுங்களேன்!"

அதற்கு மேல் பேச வாய் வரவில்லை.

ஹானியா நகரிலிருந்து விடியற்காலை பஸ். ஒரு மணி நேரத்துக்கு மேல் மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறி, ஓமலோஸ் சமவெளி தாண்டி இறக்கிவிட்டது. அங்கே உயரம் 1,200 மீட்டருக்கு மேல். ஜூன் மாதத்திலும் பல் கிட்டித்தது. டிக்கெட் வாங்கினோம். "இதைத் தொலைக்காதீர்கள். கடைசியில் காட்ட வேண்டும்" என்றார்கள். சாயங்காலம் உள்ளே யாரும் மாட்டிக் கொள்ளவில்லை என்று சரிபார்க்கத்தானாம். எனக்கு அப்போதே உதறல்.

இந்த நடையின் விசேஷமே, இறங்கி விட்டால் பாதியில் ஆட்டோ பிடிக்க முடியாது என்பதுதான். நடுவில் ரோடு கிடையாது. ஒன்று, வந்த மலையிலேயே திரும்ப ஏற வேண்டும். இல்லை, கடல் வரை நடக்க வேண்டும். கடற்கரை ஊரான ஆகியா ரூமெலிக்கும் ரோடு கிடையாது; படகுதான். மாலைப் படகை விட்டால் ராத்திரி அங்கேயேதான்.

'ஏறத்தான் கஷ்டம், இறங்க என்ன?' என்று நினைக்கிறவரா நீங்கள்? நானும் நினைத்தேன். ஆரம்பப் பகுதிக்கு 'க்ஸிலோஸ்காலோ' என்று பெயர். மரப்படி என்று அர்த்தம். செங்குத்துச் சரிவில் கல்லும் படியுமாக வளைந்து வளைந்து இறங்குகிறது. ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கும்போது ஒவ்வொரு அடியும் முட்டிக்குப் போய் ஆஜர் கொடுக்கிறது. மனைவி கையில் ஒரு கம்போடு, பக்கவாட்டில் சின்னச் சின்ன அடியாக வைத்து இறங்கினாள். நான் வீரமாகத் தாவினேன். அதன் பலனைப் பிறகு சொல்கிறேன்.

வழியெல்லாம் சைப்ரஸ் மரங்கள். அங்கங்கே ஊற்றுத் தண்ணீர். பாட்டிலை நிரப்பிக் கொள்ளலாம். ஓடையில் குளிக்கக் கூடாது, ராத்திரி தங்கக் கூடாது. கல் உருளும் இடங்களில் 'நிற்காமல் நட' என்று பலகை. (போட்டோ எடுக்க அங்கேதான் நான்கு பேர் நின்றிருந்தார்கள். மனித குலம் எங்கும் ஒன்று!)

கிட்டத்தட்ட பாதி வழியில் சமாரியா கிராமம். ஆளில்லாத கல் வீடுகள். 1962-ல் இதைத் தேசியப் பூங்கா ஆக்கியபோது, குடியிருந்தவர்களை வெளியேற்றி விட்டார்கள். 'கிரி-கிரி' என்கிற காட்டு ஆட்டைக் காப்பாற்றுவது பூங்காவின் முக்கிய நோக்கம். வளைந்த கொம்போடு ஒன்று எங்களருகே வந்து, என் பிஸ்கட் பொட்டலத்தை அதிகார தோரணையில் பார்த்தது. ஊர்க்காரர்கள் போய்விட்டார்கள், ஆடு இருக்கிறது.

ஒரு வீட்டு வாசல் கல்லில் மனைவி உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் பேசவில்லை.

"என்னங்க, இங்கே ஒருத்திக்குப் பிரசவ வலி வந்தா எப்படிப் போயிருப்பா?"

முன்னால் எட்டொன்பது கிலோமீட்டர் கல் பாதை, பின்னால் மலை. என்னிடம் பதில் இல்லை.

"நாம ஆசைக்கு நடக்கறோம். அவங்க உப்பு வாங்கவும் நடந்திருப்பாங்க" என்று எழுந்தாள்.

எழுந்தது அவள். எழ முடியாதது நான்! தாவிய தாவலில் வலது முட்டி ஸ்டிரைக். அடிபட்டவர்களைத் தூக்கிப் போகக் கோவேறு கழுதை வைத்திருக்கிறார்கள். மனைவி அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "வண்டி ரெடியா நிக்குதுங்க" என்றாள். அந்த வார்த்தைதான் என்னை எழுப்பியது. தன் கம்பை என்னிடம் கொடுத்துவிட்டு, என் வேகத்துக்கு அவள் நடந்தாள்.

பதினொன்றாவது கிலோமீட்டர் சுமாருக்கு வருகிறது 'இரும்புக் கதவு' என்கிற இடம். இரும்பும் இல்லை, கதவும் இல்லை. இரண்டு பாறைச் சுவர்கள் நான்கு மீட்டர் அளவுக்கு நெருங்கி நிற்கின்றன. உயரம் சுமார் 300 மீட்டர். நம் சென்னை எல்.ஐ.சி. கட்டடத்தை ஐந்தாறு அடுக்கினால் வரும். நடுவே ஓடை. அண்ணாந்து பார்த்தால், ஆகாசம் ஒரு நாடா. பேச்சு தானாக நின்று போகிறது.

ஏழரை மணி நேரம் கழித்து வாசலில் டிக்கெட்டைக் காட்டி, மேலும் நடந்து கடலைத் தொட்டோம். கறுத்த கூழாங்கல் கரை. அடுப்பு மாதிரி சுட்டது. மனைவி செருப்பைக் கழற்றித் தண்ணீரில் இறங்கி நின்றாள். அரை மணி நேரம் நின்றாள். "உட்காரேன்" என்று நான் சொல்லவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: பூங்கா மே முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும், மழை, கடும் வெயில் என்றால் மூடிவிடுவார்கள். நல்ல ஷூ அவசியம். முழுசும் முடியாதவர்கள் படகில் ஆகியா ரூமெலி வந்து, கீழிருந்து 'இரும்புக் கதவு' வரை நடந்து திரும்பலாம். இதைவிடச் சிறிய இம்ப்ரோஸ் பள்ளத்தாக்கும் உண்டு, எட்டு கிலோமீட்டர்தான்.

(பார்த்தீர்களா, எனக்கும் 'தான்' வந்துவிட்டது.)

மறுநாள் ஹோட்டல் மாடிப்படியில் நான் பின்பக்கமாக இறங்கினேன். கீழே வரவேற்பறையில் மனைவி எனக்காக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக் கொண்டிருந்தாள்.