மௌனம் சம்மதமா?

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது நம் வீடுகளில் நெடுநாளாகப் புழங்கும் வாக்கு. எனக்குத் தெரிந்த கல்லூரிப் பெண்ணொருத்தி அதை ஒப்புவதில்லை.

1966-இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' வந்தபோது, அந்நியன் காரில் தனக்கு நேர்ந்ததைச் சொல்லி அழுத மகளைத் தாய் தண்ணீர் ஊற்றி ஏற்றுக்கொண்டது சரியா என்று வாசகர்கள் வாதாடினார்கள். "அவள் சம்மதித்தாளா என்பதல்லவா ஸார் முதல் கேள்வி?" என்கிறாள் இவள்.

"அப்படியானால் இந்த மாதிரிக் கதையே எழுதக்கூடாதா, அம்மா?" என்றேன்.

"தாராளமாக எழுதுங்கள். பயந்து வாயடைத்துப் போனவளை நாணித் தலைகுனிந்தாள் என்று மட்டும் எழுதாதீர்கள்."

2013-இல் செய்த திருத்தம் முதல் சட்டமும், பெண் எதிர்த்துப் போராடவில்லை என்பதாலேயே சம்மதித்தாள் ஆகாது என்கிறது. சட்டம் கோர்ட்டில்தான் பேசும். கதை அதற்கு முன்பே வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. பயத்துக்கு நாணம் என்று பெயர் சூட்டும் பேனா, குற்றவாளிக்காகச் சாட்சி சொல்கிறது.