துண்டு வெட்டிய பிறகு யார் பொறுப்பு?



வாட்டில் ஒருவர் நாள்கணக்கில் கிடப்பதற்கு எப்போதும் நோய் மட்டும் காரணமில்லை. எங்கள் தெருவில் ஒரு மூத்தம்மா, சீனி வருத்தத்தால் காலில் புண். புண் ஆறத் தொடங்கியதும், "இனி வீட்டிலிருந்து பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து கட்டலாம்" என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதன் பிறகும் ஆறு நாள் வாட்டிலேயே இருந்தார். ஒரு மகன் கட்டாரில், மற்றவர் கடையில், மகளுக்குக் கைக்குழந்தை. இன்சுலின் யார் ஏற்றுவது, மருந்து கட்ட யார் கூட்டிப்போவது என்று முடிவெடுக்க ஆளில்லை. நோய் விசாரிக்க வந்தவர்களுக்கு மட்டும் குறைவில்லை.

ஆறு நாள்தானே என்று நினைக்க வேண்டாம். 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்களே 10 நாள் படுக்கையில் இருந்ததில் கால்களில் சுமார் 1 கிலோ தசையை இழந்தார்கள். நோயாளியின் நிலை என்ன? அந்தக் கட்டிலுக்காகப் படுவான்கரையிலிருந்தோ வாகரையிலிருந்தோ இன்னொருவர் காத்திருக்கலாம்.

சுவீடனில் 1992இல் ஒரு மாற்றம் செய்தார்கள். சிகிச்சை முடிந்த பிறகும் முதியவர் ஆஸ்பத்திரியில் இருந்தால், செலவை அவருடைய உள்ளூராட்சி சபை கட்ட வேண்டும். சபைகள் வீட்டுப் பராமரிப்பை ஒழுங்கு செய்தன. காத்துக் கிடந்தோர் தொகை வெகுவாகக் குறைந்தது. நம் நாட்டிலும் பெரிய வைத்தியசாலையையும் சுற்றியுள்ள சிறிய வைத்தியசாலைகளையும் ஒரே கூட்டாக இணைப்பது 2018 முதல் சுகாதார அமைச்சின் கொள்கை. ஆனால் வாட்டுக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள வேலை நம்முடையது.

அனுமதித்த அன்றே குடும்பத்தில் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். டொக்டரிடமும் மிஸ்ஸிடமும் அவர் மட்டும் பேசட்டும். "எப்போது வீட்டுக்குப் போகலாம், அதற்குள் என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்" என்று முதல் வாரத்திலேயே கேளுங்கள். துண்டு வெட்டியதும் டயக்னோசிஸ் காட்டையும் கிளினிக் கொப்பியையும் பக்கத்து வைத்தியசாலையில் காட்டி, மருந்து கட்டும் நாட்களை எழுதி வாங்குங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஜனாஸா வேலைக்கு ஒவ்வொரு மஹல்லாவிலும் ஆள் இருக்கிறது. உயிரோடு வீடு திரும்புகிறவருக்கும் இரண்டு பேர் வேண்டும். ஒரு சக்கர நாற்காலி, ஒரு வோக்கர், கூப்பிட்டால் வரும் ஓர் ஓட்டோ. இவ்வளவு போதும், தொடங்கலாம். உங்கள் ஊரில் ஏற்கெனவே செய்கிறீர்களென்றால் எப்படி என்று கீழே எழுதுங்கள், மற்றவர்களும் பின்பற்றட்டும்.