தறிக்கு ஒன்று, அணிலுக்கு ஒன்று

2025 ஜூலை 13, ஞாயிறு. ராஜபாளையம்

பீரோவின் கீழ்த்தட்டை ஒழித்துவைக்கும்போது இரண்டு கேமராக்களும் வெளியே வந்தன. தம்பி மகன் பக்கத்தில் இருந்தான். கல்லூரியில் விலங்கியல் படிக்கிறான். இரண்டையும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ரெண்டுல எது நல்லது அத்தை?” என்றான். உடனே சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அவனுக்கு ஒன்றைக் கொடுத்துவிடும் எண்ணம் எனக்கு முன்பே உண்டு. எதைக் கொடுப்பது என்று தீர்மானிப்பதற்காகவே இன்று முதல் இந்தக் குறிப்பு.

முதலாவது பேனாசோனிக் லூமிக்ஸ் எல்எக்ஸ்3. 2008-இல் வந்தது. 10 மெகாபிக்சல், 24 முதல் 60 மி.மீ. வரை போகும் சின்ன ஜூம், எஃப் 2.0-இல் தொடங்கும் லென்ஸ். இரண்டாவது கேனான் பவர்ஷாட் எஸ்எக்ஸ்130 ஐஎஸ், 2010. 12 மெகாபிக்சல், 28-இலிருந்து 336 மி.மீ. வரை 12 மடங்கு ஜூம், லென்ஸ் எஃப் 3.4-இல் தொடங்கி முழுதாக நீட்டினால் எஃப் 5.6-க்கு வந்துவிடும். அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண்களை மட்டும் பார்த்தால் கேனான்தான் பெரிது. ஆனால் உள்ளே இருக்கும் சென்சார் எல்எக்ஸ்3-இல்தான் பெரிது, பரப்பில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அந்த எண்ணைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை.

இரண்டிலும் சிசிடி சென்சார். சிசிடி நிறம் என்று சொல்லி இந்தக் காலத்துப் பிள்ளைகள் பழைய கேமராக்களைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். நிறம் சென்சாரின் வகையால் மட்டும் வருவதில்லை. லென்ஸ், அந்தக் கம்பெனி உள்ளே எழுதிவைத்த நிறக் கணக்கு, படத்தை அதிகம் நிரவாமல் விட்ட பழைய பழக்கம் எல்லாம் சேர்ந்ததுதான் அது. அவனிடமும் இதைச் சொல்லிவைத்தேன்.

ஜூலை 15, செவ்வாய். சத்திரப்பட்டி

பெரியப்பா வீட்டுத் தறிகளை இந்த மாதக் கடைசிக்குள் எடுத்துக்கொண்டு போகிறார்களாம். பெரியப்பா மகனான அண்ணன் போனில் சொன்னதும் இரண்டு கேமராவையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். சத்திரப்பட்டிக்குள் நுழைந்தாலே சத்தம் வந்துவிடும். இந்தப் பக்கத்தில் நெய்கிற பேண்டேஜ் துணி இந்தியா முழுக்க ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. அந்தச் சத்தத்துக்குள் பிறந்து வளர்ந்தவர் அண்ணன்.

எட்டு விசைத்தறிகளில் மூன்றுதான் ஓடிக்கொண்டிருந்தன. ஓட்டுக் கூரை. உத்தரத்தில் பழைய சோக் போட்ட டியூப் லைட்கள். வாசல் வெளிச்சம் முதல் தறியோடு நின்றுவிடுகிறது.

முதலில் கேனான். ஐஎஸ்ஓ 400, லென்ஸை விரிந்த நிலையில் வைத்தேன். 1/15 விநாடி காட்டியது. தறி, சுவர், உத்தரம் எல்லாம் துல்லியமாக வந்தன. அறுந்த பாவு இழையை முடிந்துகொண்டிருந்த அண்ணனின் விரல்கள் மட்டும் புகைபோலக் கலைந்திருந்தன. ஐஎஸ் என்கிற அதிர்வுத் தடுப்பு நம் கை நடுங்குவதைத் தாங்கும். எதிரே இருப்பவர் கை அசைவதை அது என்ன செய்யும்? அதே ஐஎஸ்ஓவில் எல்எக்ஸ்3, எஃப் 2.0. 1/50 கிடைத்தது. 3.4-ஐ 2-ஆல் வகுத்து இருமடி எடுத்தால் 2.89. ஏறத்தாழ மூன்று மடங்கு வெளிச்சம் உள்ளே வருகிறது. விரல் நுனியில் இழை தெரிந்தது. நாடா மட்டும் கோடாக இழுபட்டது. அது இழுபடத்தான் வேண்டும், ஓடுகிற நாடா நின்றுபோனதுபோல் தெரிந்தால் அது தறியே இல்லை.

ஆசைப்பட்டு ஷட்டரை 1/200-க்கு ஏற்றிப் பார்த்தேன். ஒரு படம் வெளுப்பாக, அடுத்தது மங்கி மஞ்சளாக. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சோக் போட்ட டியூப் லைட் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. 1/200-இல் அந்த ஏற்றமும் சிக்கலாம், இறக்கமும் சிக்கலாம். 1/50-க்குத் திரும்பினேன்.

ஃபிளாஷ் இங்கே ஆகவே ஆகாது. காற்றெல்லாம் பஞ்சுத் தூசி. சிறிய கேமராக்களில் ஃபிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், கேமராவுக்கு முன்னால் மிதக்கும் தூசியெல்லாம் வெள்ளை வட்டமாகப் படத்தில் விழுகிறது. ஒரு படத்தில் அண்ணன் பனிமழைக்குள் நிற்பவர்போல் இருந்தார்.

நிறத்தில் ஒரு தவறு செய்தேன், எழுதிவைக்க வேண்டியது. டியூப் லைட்டின் பச்சை ஏறாமல் இருக்க, வெள்ளையான ஒரு பொருளைக் காட்டி ஒயிட் பேலன்ஸ் வைத்துக்கொள்ள வேண்டும். துணி நெய்கிற இடத்தில் வெள்ளைக்கு என்ன பஞ்சம் என்று தறியில் இருந்த துணியையே காட்டிவிட்டேன். படமெல்லாம் நீலம் பாரித்துவிட்டது. தறியிலிருந்து இறங்குவது காடா, வெளுக்காத துணி. கண்ணுக்கு வெள்ளை, கேமராவுக்கு மஞ்சள். மதினி உள்ளே போய் வெளுத்துச் சுருட்டிய பேண்டேஜ் ரோல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் காட்டி வைத்த பிறகுதான் அண்ணனின் சட்டை சட்டை நிறத்துக்கு வந்தது.

எல்எக்ஸ்3-ஐ 24 மி.மீ.-இல் வைத்துச் சுவரோரம் ஒட்டி நின்றால் எட்டுத் தறியும் ஒரே படத்துக்குள் அடங்கின. கேனானில் ஆறுதான்.

ஜூலை 16, புதன்

எல்எக்ஸ்3-க்குள் 64 ஜிபி கார்டு போட்டேன், ஏற்கவில்லை. அது எஸ்டிஎச்சி காலத்துக் கேமரா, 32 ஜிபியோடு சரி. கேனான் எஸ்டிஎக்ஸ்சி கார்டையும் வாங்கிக்கொள்கிறது. பேட்டரியிலும் கேனானுக்கே வசதி. இரண்டு பென்டார்ச் செல் போதும், பெட்டிக்கடையிலும் கிடைக்கும். ஆனால் கடையில் வாங்கும் சாதாரண செல் சீக்கிரம் இறங்கிவிடுகிறது. சார்ஜ் செய்கிற நிக்கல் செல் நான்கு வாங்கினேன்.

ஜூலை 19, சனி. செண்பகத்தோப்பு

விடியும் முன்பே தம்பி மகன் பைக்கோடு வாசலில் நின்றான். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி மலையடிவாரத்துக்குப் போகும்போது வெளிச்சம் வரத் தொடங்கியிருந்தது. சாம்பல் நிற அணிலுக்காக 1988-இல் சரணாலயமாக அறிவித்த காடு இது. 2021-இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆனது. நாங்கள் காட்டுக்குள் போகவில்லை. காட்டை ஒட்டிய மாந்தோப்பில், தெரிந்தவரின் அனுமதியோடு உட்கார்ந்துவிட்டோம். அணிலுக்கு அந்த வரப்பு தெரியாது. மரம் தொடர்ந்து இருந்தால் அது வரும்.

அரை மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு பழுத்த இலைகள் சில உதிர்ந்தன. அவன் என் முழங்கையைத் தொட்டான். கிளைக் கவட்டில் அணில் உடலை மடித்து உட்கார்ந்து எதையோ கொறித்துக்கொண்டிருந்தது. மூக்கிலிருந்து வால் நுனி வரை சுமார் இரண்டரை அடி இருக்கும். வாலில் நரை விழுந்தாற்போல வெள்ளை மயிர். அதை அத்தனை பக்கத்தில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை. சற்று நேரம் கேமராவை எடுக்கவே மறந்துவிட்டேன்.

எல்எக்ஸ்3-இல் முழு ஜூமும் போட்டு எடுத்தேன். திரையில் மரம் இருந்தது. அணில் எங்கே என்று அவனுக்கு விரல் வைத்துக் காட்ட வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 20 மீட்டர் தூரத்தில் 60 மி.மீ. லென்ஸுக்குள் பதினொன்றரை மீட்டர் அகலம் விழுகிறது. அதில் அணிலுக்குக் கிடைப்பது 240 பிக்சல். கேனானின் 336 மி.மீ.-க்குள் அதே தூரத்தில் இரண்டு மீட்டர் சொச்சம்தான் அகலம். அணிலுக்கு 1,450 பிக்சல். இவ்வளவு வித்தியாசத்தை எந்தப் பெரிய சென்சாராலும் ஈடுகட்ட முடியாது.

ஆனாலும் கேனான் எளிதாகத் தந்துவிடவில்லை. இலைக்கூட்டத்துக்குக் கீழே வெளிச்சம் குறைவு, லென்ஸ் எஃப் 5.6. 1/60-க்குமேல் ஷட்டர் ஏறவில்லை. நீட்டிய லென்ஸோடு கை ஆடாமல் இருக்க மாமரத்தில் முதுகைச் சாய்த்து, முழங்கைகளை விலாவில் ஒட்டிக்கொண்டேன். பட்டனைப் பாதி அமுக்கினால் ஃபோகஸ் பிடிக்க ஒரு கணம் ஆகிறது. அந்தக் கணத்தில் அணில் திரும்பிவிடுகிறது. அதனால் முன்கூட்டியே பாதி அமுக்கிவைத்துக்கொண்டு, அது தலை தூக்கும்போது முழுதாக அமுக்க வேண்டும். இதை அவன் என்னைவிட வேகமாகப் பழகிக்கொண்டான். முப்பத்தொரு படம் எடுத்தான், ஐந்து தேறின. ஒன்றில் நகம்வரை தெரிகிறது.

“டிஜிட்டல் ஜூம் போட்டா இன்னும் கிட்ட வருமே அத்தை” என்றான். அது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது, அவ்வளவுதான். வீட்டில் கம்ப்யூட்டரில் செய்துகொள்ளலாம். மெனுவில் போய் அணைத்துவிட்டேன்.

ஜூலை 22, செவ்வாய். ராஜபாளையம்

எதிர்வீட்டு மாடியில் ராஜபாளையம் நாய். 2005 ஜனவரியில் இந்திய நாய்களுக்கென்று நான்கு தபால்தலைகள் வந்தபோது நம்மூர் நாயும் அதில் ஒன்று. அந்தத் தபால்தலையைப் பல வருடம் பர்ஸில் வைத்திருந்தேன். பால்வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்குமான இந்த நாயை ஒழுங்காகப் படமெடுப்பவனுக்கு வெளிச்சக் கணக்கு தெரியும் என்று சொல்லிவிடலாம். கருப்புத் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் சிறிதாக நின்றபோது கேமரா தொட்டியைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டியது, நாய் சுண்ணாம்புப் பூச்சு ஆகிவிட்டது. வெளிச்ச அளவைக் கழித்தல் பக்கம் சற்றுத் திருப்பினேன், மயிர் தெரிந்தது. அதுவே கேனானின் ஜூமில் முகம் மட்டும் திரை நிறைந்தபோது நேர்மாறு. அத்தனை வெள்ளையையும் சாம்பலாக்கப் பார்த்தது. கூட்டல் பக்கம் போக வேண்டியிருந்தது. மூக்கின் நிறம் எல்எக்ஸ்3-இல் கூடுதல் உண்மையாக வந்தது.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. பஸ்ஸெல்லாம் சதுரகிரி மலைக்கோயிலுக்குப் போகும் கூட்டம். வெளியே போகவில்லை.

ஜூலை 27, ஞாயிறு. ஸ்ரீவில்லிபுத்தூர்

நாளை ஆடிப்பூரத் தேர். இன்றே வந்து தங்கைவீட்டில் தங்கிவிட்டேன். ஆண்டாள் கோயிலுக்குள் நான் கேமரா கொண்டுபோவதில்லை. தமிழகக் கோயில்களில் செல்போனுக்குத் தடை என்று 2022 டிசம்பரில் உயர்நீதிமன்றம் சொன்ன பிறகு, எல்லோரும் கையை வீசிக்கொண்டு உள்ளே போய் ஆண்டாளைக் கண்ணால் பார்க்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

கோபுரத்தை வெளியே நின்று எடுத்தேன். 11 நிலை, 192 அடி. முழுக் கோபுரமும் படத்துக்குள் வர எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும்? கேனானின் 28 மி.மீ.-க்குக் கணக்குப்படி 96 அடி. எல்எக்ஸ்3-க்கு 64. எல்எக்ஸ்3-இன் லென்ஸ் வளையத்தில் ஒரு சின்ன நகர்த்தி இருக்கிறது. அதை 16:9-க்குத் தள்ளிக் கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் 47 அடி போதும். பெரும்பாலான கேமராக்களில் 16:9 என்றால் மேலும் கீழும் வெட்டுவார்கள். இதில் சென்சாரிலேயே கூடுதல் அகலம் வைத்திருப்பதால் உயரம் உண்மையிலேயே கூடுகிறது. திருவிழா நாளில் 50 அடி பின்னால் போனால் வளையல் கடையும் பந்தல் காலும்தான். 47-க்கும் 96-க்கும் நடுவில் ஒரு கடைவீதியே இருக்கிறது. அண்ணாந்து எடுத்ததில் கோபுரம் மேலே குறுகிச் சாய்ந்ததுபோல் வந்தது, அதற்கு நல்ல மருந்து தள்ளி நிற்பது. கலசங்களுக்குக் கேனான்.

மாலையில் பக்கத்துவீட்டுக்கு ஆண்டாள் கையிலிருந்த கிளி வந்திருந்தது. நாள்தோறும் புதிதாக இலையால் கட்டுவது. மரவள்ளி இலை உடம்பு, மாதுளம்பூ மூக்கு. எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டு கேமராவும் விரிந்த நிலையில் ஒரு சென்டிமீட்டர்வரை நெருங்கும் என்றாலும், அப்படி நெருங்கினால் லென்ஸின் நிழலே கிளிமேல் விழுகிறது. ஒரு சாண் தள்ளி, ஜன்னல் பக்கமாகத் திருப்பிவைத்து எல்எக்ஸ்3-இல் எடுத்தேன். இலை நரம்பெல்லாம் இறகாக மாறியிருந்தது. அதைக் கட்டியவரின் கையை நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 28, திங்கள்

தேர். வெயில் கொட்டியது, எஃப் 2.0-வுக்கு இன்று வேலையே இல்லை. தம்பி மகனைக் கேனானோடு தங்கைவீட்டு மொட்டைமாடியில் நிறுத்திவிட்டு நான் எல்எக்ஸ்3-ஐ மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு தெருவுக்கு இறங்கினேன். வடத்துக்குப் பக்கத்தில் தோளோடு தோள். கேமராவைத் தலைக்குமேல் தூக்கித் திரையைப் பார்க்காமலே அமுக்கினேன். 24 மி.மீ. என்பதால் எங்கே திருப்பினாலும் ஏதோ ஒரு முகம், ஏதோ ஒரு கை, வடம், பின்னால் தேர். அவன் மாடியிலிருந்து ரங்கமன்னாரோடு அமர்ந்திருக்கும் ஆண்டாளின் மாலையை எடுத்திருக்கிறான். அந்த மாலையை நான் கீழே இருந்து பார்க்கவேயில்லை. என் பக்கத்தில் வடம் பிடித்திருந்த பாட்டியின் கை நரம்பு அவனுக்குத் தெரியவில்லை.

இரவு அவன், “கேனானை நான் எடுத்துக்கிடவா?” என்றான். எடுத்துக்கோ என்றேன். நிக்கல் செல் நான்கும் சார்ஜரும் பால்கோவா டப்பாவில் போட்டுக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. சத்திரப்பட்டி

படங்களைப் பிரிண்ட் போட்டு அண்ணனிடம் கொண்டுபோனேன். தறிக்கூடம் காலி. தரையில் எட்டுத் தறியின் எண்ணெய்த் தடம் மட்டும். எட்டும் தெரிகிற அகலப் படத்தை அண்ணன் வெகுநேரம் பார்த்தார். பிறகு மேல் ஓரத்தில் விரல் வைத்து, “இது அப்பா எழுத்துல்ல” என்றார்.

உத்தரத்துக்குக் கீழே, முன்பு பரண் இருந்த இடத்துச் சுவரில், கரியால் எழுதிய கணக்கு. பரண்மேல் உட்கார்ந்து நூல் தார்ப் பெட்டிகளை எண்ணி எழுதியிருக்க வேண்டும். எடுக்கும்போது நானும் கவனிக்கவில்லை. அதைப் பெரிதாக்கித் தரமுடியுமா என்று கேட்டார். பார்த்தேன், அந்த மூலைக்கு முன்னூறு பிக்சல்கூட இல்லை. எழுத்து இருப்பது தெரிகிறது, என்ன எழுத்து என்று தெரியவில்லை.

புதன்கிழமை வெள்ளையடிக்க ஆள் வருகிறது. ஏணியும் போய்விட்டது. கீழிருந்து சுவரை இழுத்துக் காட்ட நீண்ட ஜூம் வேண்டும். சுவர் அசையப்போவதில்லை, ஸ்டாண்டில் நிறுத்தி ஐஎஸ்ஓ 80-இல் ஒரு விநாடி விட்டாலும் கெடாது. எஃப் 5.6 இங்கே குறையே இல்லை. தம்பி மகனுக்குப் போன் செய்து, நாளை ஒரு நாளைக்குக் கேனான் வேண்டும் என்று கேட்டேன். காலை ஏழு மணி பஸ்ஸுக்கு அவனே எடுத்துக்கொண்டு வருகிறானாம்.